தூசி அளக்க வந்த நாள்

புதிய நூலகத்தில் யாரும் தும்முவதில்லை. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், பளபளவென்று தரை. புத்தகப் பட்டியல் எழுதுவதால் எல்லோரும் கேட்டலாக் அக்கா என்று கூப்பிடும் அவளுக்கு அதுதான் என்னவோ போலிருக்கிறது.

பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவளும், கிழிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டும் பைண்டரும் பதினெட்டு வருடம் தூசி தின்றவர்கள். பழைய பத்திரிகைக் கட்டு ஒன்றைப் பிரித்தால் போதும், அவளுக்குக் கண் அரிக்கும், மூக்கு ஒழுகும். அவருக்கு அடுக்கடுக்காக ஏழு தும்மல்.

"ஆறுதான் ஆச்சு, ஒண்ணு குறையுதே அண்ணா?" என்பாள்.

"மத்தியானத்துக்கு எடுத்து வெச்சிருக்கேன்மா."

அந்தப் பசை வாசனையையும் அந்தச் சிரிப்பையும் நினைத்தால் இப்போதும் அவளுக்கு ஏக்கமாக இருக்கிறது.

பிறகு பைண்டருக்கு இரைப்பு வந்தது. நாலு படி ஏறினால் நெஞ்சு விசிலடித்தது. மாடியில் வேறு வேலை கேட்டு மனுக் கொடுத்தார். கீழே தூசி அதிகம் என்று தெரிந்தால் மாடிக்கு மாற்றுவோம், இல்லையென்றால் முடியாதவர் வேலையை விட்டுப் போகலாம் என்றது நிர்வாகம். அளக்க ஒரு அதிகாரி வருவதாகத் தேதியும் குறித்தார்கள்.

இங்கேதான் அக்காவின் புத்தி புல் மேயப் போய்விட்டது. வெளியாள் வருகிறார் என்றால் வருடா வருடம் என்ன செய்வாளோ அதையே செய்தாள். பைண்டர் விடுப்பிலிருந்த இரண்டு நாளும், மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, ஏணி போட்டு, ஒரு தட்டு விடாமல் ஈரத்துணியால் துடைத்துத் தள்ளினாள். நம் அறையின் மானம் போகலாமா!

கருவி பச்சை விளக்கு காட்டியது. "இவ்வளவு சுத்தமான ரூமை நான் பார்த்ததே இல்லம்மா" என்றார் அதிகாரி. அவளுக்கு உச்சி குளிர்ந்தது. பைண்டரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் சுரீரென்று உறைத்தது. வாசல்வரை ஓடினாள்.

"சார், நேத்துதான் துடைச்சேன். இன்னொரு நாள் சொல்லாம வாங்க சார்!"

"மெஷின் காட்டினதைத்தான்மா நான் எழுத முடியும்."

மாதக் கடைசியில் பைண்டர் வேலையை விட்டார். தன் கத்தரியையும் ஊசியையும் அவர் பையில் போட்டபோது அவள் உடைந்து அழுதாள்.

"என் கையாலேயே உங்களைக் கெடுத்துட்டேனே அண்ணா."

"அட, அழாதேம்மா. இத்தனை வருஷத்துல அன்னைக்கு ஒரு நாள்தான் அந்த ரூம்ல மூச்சை முழுசா இழுத்தேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "வர்றவங்களுக்காகவே துடைச்சோம். நமக்காக ஒரு தடவை துடைச்சிருக்கலாம், இல்ல?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.