பெரியம்மா உரக்கச் சொன்னவை

பெரியம்மாவுக்குக் கடவுளிடம் முணுமுணுக்கத் தெரியாது. பொழுது விடிந்து, முகம் கழுவி, அடுப்பில் பாலை வைத்துவிட்டுச் சமையலறை ஜன்னலோரம் மர ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாரென்றால், தெருக்கோடியில் போகிறவரைக் கூப்பிடுகிற குரலில்தான் "கடவுளே" என்று தொடங்குவார். அந்த மும்முரத்தில் பால் பொங்கி வழிந்த நாட்கள் ஏராளம். "அவருக்கு ஆயிரம் ஜோலி. நாம வாய்க்குள்ளயே மென்னு முழுங்கினா அவருக்கு என்ன விளங்கும்?" என்பது அவர் கட்சி. வயசுக் காலத்தில் டெலிபோன் ஆபீசில் வெளியூர்க் கால் போட்டுக் கொடுக்கிற வேலை பார்த்தவர். கத்திக் கத்தியே பழகின தொண்டை. அது ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை.

அந்தக் கட்டடத்தைக் கட்டிய புண்ணியவான் வெளிச்சத்துக்காக நடுவில் கிணறு மாதிரி ஓர் இடைவெளி விட்டிருந்தார். எல்லா வீட்டுச் சமையலறை ஜன்னலும் அதற்குள்தான் திறக்கும். ஒரு வீட்டில் கரண்டி விழுந்தால் மற்ற வீடுகளில் திரும்பிப் பார்ப்பார்கள். பெரியம்மா குரலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இரண்டாம் மாடியில் அவர் "கடவுளே" என்றதும் கீழே வீட்டுக்காரர் சவரத்தைப் பாதியில் நிறுத்துவார். மேலே பஸ் டிரைவர் வீட்டில் மிக்ஸி நிற்கும். அடுத்த வீட்டுத் தையல்காரம்மா மெஷினிலிருந்து காலை எடுத்துவிடுவாள்.

"கடவுளே, டிரைவரோட அப்பாவுக்கு ராத்திரி பூரா இருமல். அந்த ரூம்ல ஜன்னல் கதவு உடைஞ்சு காத்து அடிக்குதாம். கொஞ்சம் பாருங்க" என்பார் காலையில். சாயங்காலம் முதல் மாடி மெக்கானிக், "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று சுத்தியலும் ஆணியுமாக டிரைவர் வீட்டு வாசலில் நிற்பான். மோட்டார் கெட்டுத் தண்ணீர் ஏறாமல் கட்டடமே வாளியும் கையுமாக அலைந்தபோது, "கடவுளே, நம்ம வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். கைதான் கொஞ்சம் இறுக்கம். அதை மட்டும் லேசா தளத்தி விட்டுடுங்க" என்றார். வீட்டுக்காரருக்குக் கன்னத்தில் நுரையோடு கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் யாரிடம் சண்டைக்குப் போவது? தங்கமான மனுஷன் என்றல்லவா சொல்லியிருக்கிறார். மத்தியானத்துக்குள் புது மோட்டார் வந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தான் பேசுவது ஊருக்கே கேட்கிறது என்பது பெரியம்மாவுக்குத் தெரியாது என்று எல்லாரும் நம்பினார்கள். தெரிந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார், அப்புறம் யாருக்கு என்ன கஷ்டம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதனால் கட்டடமே சேர்ந்து, காதும் காதும் வைத்தாற்போல் அந்த ரகசியத்தைக் காப்பாற்றியது. மெக்கானிக் கால் முறிந்து தனியாகப் படுத்திருந்த சமயம் பெரியம்மா அவன் சாப்பாட்டைப் பற்றிக் கடவுளிடம் கவலைப்பட்டார். அன்று மத்தியானம் எல்லா வீட்டுச் சாப்பாட்டுத் தூக்குகளும் படிக்கட்டில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. "எதேச்சையா கொண்டு வந்தேன்" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அசடு வழிந்தார்கள். மெக்கானிக்குக் கால் குணமாவதற்குள் தொப்பை வந்துவிட்டது.

அந்தப் பெரியம்மா எண்பத்தேழு வயதில், ஒருவருக்கும் தொந்தரவு கொடுக்காமல், பகல் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். பெரியம்மா என்பது கட்டடம் வைத்த பெயர். சொந்த மகளுக்கு அவர் அம்மா. அந்த மகளைக் கட்டடம் பாப்பா என்று கூப்பிடும். பாப்பாவுக்கு ஐம்பது வயது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. "மூச்சை இழுத்துப் பிடிங்க, விடாதீங்க, இப்ப விடுங்க" என்று நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவள், அம்மா போன நாளிலிருந்து தன் மூச்சையே பிடித்துக்கொண்டிருப்பவள் மாதிரி நடமாடினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கீழே வண்டி நிறுத்துகிற இடத்தைக் கழுவிவிட்டு நாற்காலி போட்டு நினைவுக் கூட்டம் நடந்தது. மேஜையில் பெரியம்மாவின் படம். அவர் வாரம் தவறாமல் போய்ப் பெருக்கித் துடைத்த பிரார்த்தனைக் கூடத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். டிரைவர் எழுந்து, தனக்கு வேலை போகவிருந்த சமயம் பெரியம்மா வேண்டியதைச் சொன்னார். மெக்கானிக் சாப்பாட்டுத் தூக்குக் கதையைச் சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்துவிட்டுத் தான் அழுதான். வீட்டுக்காரர்கூட, "என் கையை அவங்கதான் தளத்தினாங்க" என்று மோட்டார் கதையைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார். "நாம எல்லாம் ஒளிஞ்சு நின்னு கேட்டோம்னு கடைசி வரைக்கும் அவங்களுக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர், "கடைசியா நம்ம பாப்பா ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார்.

"டீ வெச்சுட்டு வந்துடறேன்" என்று பாப்பா மாடியேறிவிட்டாள்.

சமையலறையில் வந்து நின்றவளுக்கு நெஞ்சு கொதித்தது. பேச என்ன இருக்கிறது? ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருந்தது. அவளுக்கு மட்டும் இல்லை.

இருபது வருஷத்துக்கு முன் ஒரு பெட்டியோடு அவள் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாள். கட்டியவனுக்கு வேறொருத்தி கிடைத்துவிட்டாள். அவ்வளவுதான் விஷயம், ஆனால் அந்த அவ்வளவில் அவள் நொறுங்கிப் போனாள். சமையலறையை ஒட்டிய அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். ஒவ்வொரு காலையும் அம்மா "கடவுளே" என்றதும் காதைத் தீட்டிக்கொள்வாள். இன்றைக்காவது தன் பேர் வரும், தனக்காக ஒரு வார்த்தை கேட்பார் என்று காத்திருப்பாள். டிரைவர் வரும், மெக்கானிக் வரும், டிரைவர் வீட்டுப் பூனை காணாமல் போனபோது அந்தப் பூனைகூட மூன்று நாள் வந்தது. அவள் வரவேயில்லை. அம்மா வேளாவேளைக்குச் சோறு போட்டார், தலை வாரிவிட்டார், வேலைக்கு மனுப் போடச் சொல்லித் துரத்தினார். ஆனால் கடவுளிடம் மட்டும் அவளைப் பற்றி வாயே திறக்கவில்லை. வாழாமல் வந்த மகளைக் கடவுளிடம் சொல்லக்கூட அம்மாவுக்கு வெட்கம் என்று பாப்பா முடிவு கட்டினாள். அந்த முள் அப்புறம் நெஞ்சை விட்டு வெளியே வரவேயில்லை. அம்மாவைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, கடைசி வரை கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டாள். கேட்க மட்டும் இல்லை. இனி யாரைக் கேட்பது?

"அடுப்பைப் பத்த வெக்காமயே டீ போடறியா?" என்று குரல் கேட்டது. தையல்காரம்மா வாசற்படியில் மூச்சு வாங்க நின்றாள்.

"வந்துடறேன், நீங்க போங்கக்கா."

"உன் மூஞ்சியைப் பாத்துட்டுத்தான் பின்னாலயே வந்தேன். என்னடி?"

பாப்பாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "கீழ போய் என்னத்தக்கா பேசறது? ஊருக்கெல்லாம் வேண்டினாங்க. பூனைக்கு வேண்டினாங்க. பெத்த பொண்ணுக்கு ஒரு நாள் வேண்டினாங்களா? என்னை நெனச்சு அவங்களுக்கு அவமானம். அதைத்தான் சொல்லப் போறேன். இத்தனை பேரும் தலையில தூக்கி வெச்சு ஆடறாங்க இல்ல, இதையும் கேட்டுக்கட்டும்."

தையல்காரம்மா பதறவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்கம்மா பேசறப்ப நான் மெஷின் மிதிக்க மாட்டேன், தெரியுமில்ல?"

"தெரியும்."

"பேசி முடிச்ச பின்னாடியும் மிதிக்க மாட்டேன். அது தெரியுமா?"

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள்.

"சத்தம் நின்னுடும். ஆனா ஸ்டூல் நகர்றது கேக்காது. இன்னும் எந்திரிக்கலைன்னு அர்த்தம். தைக்க வேண்டிய துணி மலையாட்டம் கெடக்கும், நான் காலைத் தூக்கி வெச்சுட்டுச் சும்மா உக்காந்திருப்பேன். ஊருக்காகப் பேசறது கொஞ்ச நேரந்தான்டி. பேசாம உக்காந்திருக்கிறது அதைவிட ஜாஸ்தி. நீ வந்தப்புறம்தான் இது ஆரம்பிச்சுது."

"தூங்கியிருப்பாங்க."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒரு நாள் மனசு கேக்காம வந்து எட்டிப் பாத்தேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிட்டு, உன் ரூமைப் பாத்து உக்காந்திருந்தாங்க. உதடு அசையல. கண்ணுல தண்ணி மட்டும் கொட்டுது."

பாப்பாவின் பார்வை அந்த அறைக் கதவுக்குப் போனது.

"எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. 'முணுமுணுத்தா அவருக்கு விளங்காதும்பீங்க, இப்ப முணுமுணுக்கக்கூட இல்லையே'ன்னு கேட்டுட்டேன். 'அவருக்கென்ன காது செவிடா? நான் போடற சத்தமெல்லாம் உங்களுக்குத்தான்'னாங்க."

"நமக்கா? அப்ப அவங்களுக்கு..."

"எல்லாம் தெரியும்! யாரு யாரு வீட்டுல மிக்ஸி நிக்குதுன்னு கூடத் தெரியும். நாமதான் பெரிய கெட்டிக்காரங்கன்னு நெனச்சுட்டு இருந்தோம்." தையல்காரம்மா சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே தழுதழுத்தது. "அப்புறம் சொன்னாங்க. 'ஜன்னல் வழியா சொன்னா சாயங்காலத்துக்குள்ள எல்லாரும் வந்து நிப்பாங்க. எம்பொண்ணு கட்டில் பக்கத்துல ஆளாளுக்கு உக்காந்து உச்சுக்கொட்டுவாங்க. அவ தாங்க மாட்டா. அவ விஷயம் எனக்கும் அவருக்கும் நடுவுல இருக்கட்டும்'னாங்க. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் வாயையும் கட்டிட்டாங்க. உன்கிட்டயும்தான். நானும் பல்லைக் கடிச்சுட்டு இருந்துட்டேன். இன்னிக்கு நீ கீழ போய் அவங்களைத் தப்பாப் பேசிடுவியோன்னுதான் சொல்றேன். அவங்க என்னை மன்னிக்கட்டும்."

பாப்பா சுவரில் சாய்ந்தாள். அந்தக் காலைகள் எல்லாம் அவளுக்குள் ஒருசேர எழுந்து வந்தன. அம்மா பேச்சை நிறுத்தியதும், இன்றைக்கும் இல்லை என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். அப்புறம் வெகுநேரம் வீடே அரவமில்லாமல் இருக்கும். பிறகுதான் பக்கத்து வீட்டில் மெஷின் ஓடத் தொடங்கும். அந்த அமைதியை எவ்வளவு வெறுத்திருக்கிறாள்! அவளுக்கென்று அம்மா ஒதுக்கிவைத்த நேரம் அது. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் அவளும், அந்தப் பக்கம் அவளுக்காக அழுதபடி அம்மாவுமாக அத்தனை காலைகளும் போயிருக்கின்றன.

அவள் வந்த புதிதில் கட்டடத்தில் ஒருவர்கூட, "ஏன் வந்துட்ட, அவர் எங்க" என்று கேட்டதில்லை. தும்மினால் கஷாயத்தோடு வருகிற ஜனங்கள். பெட்டியோடு வந்ததை எல்லாரும்தான் பார்த்தார்கள். ஆனால் ஜன்னல் வழியாக வராத சேதி தங்களுக்கானது இல்லை என்று அவர்களாகவே விட்டுவிட்டார்கள். அது அவர்களுடைய அலட்சியம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"நீ போ. டீயை நான் பாத்துக்கறேன்" என்றாள் தையல்காரம்மா, தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு.

பாப்பா கீழே வந்தாள். கூட்டம் அவளுக்காகக் காத்திருந்தது. வீட்டுக்காரர் மைக்கை நீட்டினார், அவள் வாங்கிக்கொள்ளவில்லை. படத்தின் பக்கத்தில் போய் நின்றாள். சொல்ல நினைத்திருந்தது ஒன்றும் நாக்கில் இல்லை. பிடித்து வைத்திருந்த மூச்சு தானாக விடுபட்டு, எல்லார் எதிரிலும் உடைந்து அழுதாள். யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மா எனக்காகவும் வேண்டினாங்க" என்றாள். "தினமும் வேண்டினாங்க. உங்க எல்லாருக்கும் வேண்டினதைவிட அதிக நேரம் வேண்டினாங்க. எனக்கே இப்பத்தான் தெரியும்."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. டிரைவர் எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். மெக்கானிக் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பெரியம்மா என்ன வேண்டினார் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.