தேதி காலியாக இருந்தால்

அடையாறு காந்தி நகரில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இயங்கிய சின்ன மென்பொருள் நிறுவனத்தில் ஜொவிட்டாவுக்கு வேலை. அங்கே உருவாகும் கருவிகளை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கக் குறிப்பு எழுதுவாள். முன்பு அவற்றை மனிதர்கள் படித்தார்கள். இப்போது பெரும்பாலும் படிப்பவை ஏஐ ஏஜென்ட்கள், அதாவது மனிதருக்குப் பதிலாகத் தாமே வேலை பார்க்கும் நிரல்கள்.

அந்த வருடம் அவள் எழுத வேண்டியிருந்தது ஜீஷான் உருவாக்கிய கருவிக்கு. ஒரு மென்பொருளின் பெயரையும் பதிப்பையும் கொடுத்தால், அதைத் தயாரித்தவர்கள் எந்தத் தேதியோடு அதைக் கைவிடுகிறார்கள் என்று அது சொல்லும். அந்தத் தேதிக்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. வாடிக்கையாளர்களின் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் ஏஜென்ட்கள் இதைக் கேட்டுத்தான் எதை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்யும்.

ஜீஷானும் அவளும் ஐந்து வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மேஜை. மதியம் அவன் டப்பாவில் பாதி இவளுக்கு, இவள் டப்பாவில் பாதி அவனுக்கு.

“மனுஷன் படிச்சா, புரியலன்னா போன் போட்டுக் கேப்பான் ஜொவி. இது கேக்காது. நீ இன்னா எழுதி வெச்சிக்கிறியோ, அதை அப்டியே நம்பிடும்” என்று அவன் சொல்வான்.

பிப்ரவரியில் அவன் அப்பா வலியுல்லாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே அவன் சொன்னான்: “டாகுமெண்டை நான் ஒரு வாட்டி பாத்துடறேன். அதுக்கப்புறம் வெளியிடு.”

“சரி, நீ கெளம்பு. அப்பாவப் பாரு.”

அந்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் மேலாளர் வெங்கடரமணன் குறிப்பு எங்கே என்று அவளிடம் இரண்டு முறை கேட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் இருப்பவனைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை என்று ஜொவிட்டா பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதில் பாதிதான் உண்மை. மறுநாள் தம்பி நோயலுக்கு நிச்சயம். சாந்தோமில் வீடு நிறைய விருந்தாளிகள். வேலை தலையை விட்டு இறங்கினால் போதும் என்றிருந்தது. ஒரே ஓர் இடத்தில் சந்தேகம்: கருவி தேதியைக் காலியாக விட்டால் என்ன அர்த்தம்? கைவிடும் தேதி இல்லையென்றால் இன்னும் கைவிடவில்லை என்றுதானே? ‘தேதி காலியாக இருந்தால், ஆதரவு தொடர்கிறது’ என்று எழுதி வெளியிட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

ஆனால் காலி என்றால், கருவிக்குத் தெரியாது என்று மட்டுமே அர்த்தம்.

பத்து நாள் கழித்துத் திரும்பிய ஜீஷான், “போட்டுட்டியா?” என்று கேட்டான்.

“போட்டாச்சு. எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

அவள் சொன்னால் அவனுக்குப் போதும். திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஜூலையில் சைதாப்பேட்டை ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றிலிருந்து போன் வந்தது. அவர்கள் தகவல்களைச் சேமித்து வைத்திருந்த மென்பொருள் கைவிடப்பட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. அதன் தேதி கருவியிடம் இல்லை. அங்கிருந்த ஏஜென்ட், ஜொவிட்டாவின் வரியைப் படித்துவிட்டு, மாதாமாதம் ‘மாற்றத் தேவையில்லை’ என்று அறிக்கை கொடுத்திருந்தது. பாதுகாப்பில்லாத அந்தக் கணினிகளுக்குள் யாரோ இணையம் வழியாகப் புகுந்து, தகவல் எதையும் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். பதினோரு நாள் முடிவுகள் போனது போனதுதான். புற்றுநோயாக இருக்குமோ என்று பயந்து காத்திருந்தவர்களும் மறுபடி வந்து கையை நீட்ட வேண்டியதாயிற்று.

கூட்டம் போட்டார்கள். அந்த வரியைத் திரையில் காட்டி, “இதைச் சரிபாத்து வெளியிட்டது யாரு?” என்று கேட்டார் வெங்கடரமணன். பக்கத்தின் மேலே பொறுப்பாளர் என்று ஜீஷானின் பெயர்தான் இருந்தது. ஜீஷான் வரியைப் படித்தான். பிறகு ஜொவிட்டாவைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். அத்தனை பேர் முன்னால் அவள் குனிந்து லேப்டாப்பில் எதையோ தட்டினாள்.

“என் டூல் சார். நான் பாத்திருக்கணும்” என்றான் ஜீஷான்.

மூன்றாம் நாள்தான் அவள் வெங்கடரமணன் அறைக்குப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“முந்தாநாளே இதைச் சொல்லியிருக்கப்படாதா? இன்னிக்குக் காத்தால அவனை வேலையை விட்டு நிறுத்தி லெட்டர் குடுத்தாச்சு. கிளையண்ட்கிட்டயும் பேரைச் சொல்லிட்டோம். இனிமே மாத்திப் பேசிண்டிருந்தா கம்பெனியை எவன் நம்புவான்?”

அவள் நேராகக் கச்சேரி ரோட்டில் ஜீஷான் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தாள். கதவைத் திறந்தவர் வலியுல்லா. இளைத்துப் போயிருந்தார்.

“ஜொவிட்டாவா? வாங்கம்மா, உள்ள வாங்க. நான் ஆஸ்பத்திரில கெடந்தப்போ புள்ளயோட வேலையெல்லாம் நீங்கதான் பாத்துக்கினீங்களாமே. அப்போ ரொம்பப் பெருமையாச் சொன்னான். நீங்க நல்லாயிருக்கணும்.”

உள்ளிருந்து வந்த ஜீஷான், “வாங்க, கீழ போய்ப் பேசலாம்” என்றான். அந்த ‘வாங்க’ தனக்குத்தான் என்று புரிய அவளுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது.

தெருவில் பஸ் இரைச்சலுக்கு நடுவே அழுதுகொண்டே நடந்ததையெல்லாம் சொன்னாள். அவன் குறுக்கிடாமல் கேட்டான்.

“தப்பா எழுதினதுக்குக் கோவம் இல்லீங்க. நானும்தான் படிக்காம வுட்டேன். அன்னிக்கு ஒங்களப் பாத்தேன் பாருங்க, அப்போ ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். ரெண்டு பேருமா சேந்து திட்டு வாங்கியிருப்போம்.” பிறகு மாடியைப் பார்த்தான். “அப்பாவுக்கு வேலை போனது தெரியாது. போய்ட்டு வாங்க.”

அடுத்த மாதம் அவன் கோயம்புத்தூரில் ஒரு வேலையில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டாள். அவள் அனுப்பிய செய்திகளுக்குப் பதில் வரவில்லை.

அவன் இடத்துக்கு அனுப்ரியா என்ற பெண் வந்தாள். முதல் வாரமே விளக்கக் குறிப்பைப் படித்துவிட்டுக் கேட்டாள்: “அக்கா, ‘காலியாக இருந்தால் தெரியாது என்று பொருள், நீயாக ஊகிக்காதே, மனிதரிடம் கேள்’ன்னு இவ்ளோ அழுத்தமா எழுதியிருக்கு. இதுக்குக் கீழ மட்டும் உங்க பேர் இருக்கே, ஏன்?”

ஜொவிட்டா நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜீஷானின் பெயரில் தொடங்கி, பிப்ரவரியையும் சைதாப்பேட்டையையும் தான் வாய் திறக்காமல் இருந்த அந்த மூன்று நாளையும் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்தபோது சாப்பாட்டு நேரமாகியிருந்தது. தன் டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் தனியாகப் போய் உட்கார்ந்தாள்.