இரண்டு விரல் இறக்கம்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் காற்சட்டையிலிருந்து வந்தது. இடுப்பைத் தளர்த்தக் கொடுக்கப் போன இடத்தில், தையல்காரி கையிலிருந்த கத்தரியைக்கூடக் கீழே வைக்காமல், "வீடு முடிஞ்சிருச்சு சார்! நாங்க கேட்ட விலைக்கே ஒத்துக்கிட்டாங்க!" என்றாள். இனி வருவதில் பாதி அவள் சொன்னது, மீதி என் கைச்சரக்கு.

(முடிந்தது என்பதே தப்பு. அப்புறம்தான் எல்லாம் ஆரம்பம். வக்கீல் பத்திரம் பார்க்க வேண்டும், வங்கி கடனுக்குத் தலையாட்ட வேண்டும், இன்ஜினியர் வந்து சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன புண்ணியவான் வாங்கிப் பார்த்திருக்க மாட்டார்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: மாலை வெயில் அந்த வீட்டுச் சன்னல்களில் பொன்னாக...

வேண்டாம். வீட்டுத் தரகர் பேசுவதுபோல் இருக்கிறது.

இரண்டாவது: விலை ஒத்துவந்த மறுநாளே தையல்காரி அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போய், விற்கிறவர்களிடம் கெஞ்சி, ஐந்து சன்னல்களுக்கும் அளவெடுத்து வந்துவிட்டாள். பிள்ளை பிறக்கும் முன்பே சட்டை தைக்கிற ஆள். நான்கே நாளில் திரைச்சீலைகள் தயார்.

3

கணவர் பேருந்து ஓட்டுகிறவர். [இவரைக் கொஞ்சம் கஞ்சனாக எழுதலாமா என்று பார்த்தேன். பாவம், நல்ல மனிதர். அவசரக்காரர், அவ்வளவுதான்.] பத்து நாளுக்குள் வேண்டாமென்று சொன்னால் முன்பணம் திரும்பும் என்பது ஒப்பந்தம். ஒன்பதாம் நாள் காலை, சீருடைக்குப் பொத்தான் போட்டபடி அவர் கேட்டார்:

"ஏம்மா, வக்கீல் சரின்னுட்டாரு, பேங்க்லயும் சரின்னுட்டாங்க. இன்ஜினியர் எதுக்கு? வீடு கல்லு மாதிரி இருக்கு. வர வேண்டாம்னு சொல்லிடவா?"

அவள் பன்னிரண்டு வருடம் வாடகை வீட்டில் ஓர் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்டவள். அந்த வீடு அவளுக்கு வேண்டும், வேண்டவே வேண்டும்.

"வரட்டுங்க," என்றாள். "கூடத்துச் சன்னல் ஒரு பக்கம் ரெண்டு விரல் இறங்கியிருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அளவெடுத்தப்பவே பார்த்தேன். திரையை அதுக்கேத்த மாதிரி கோணலா வெட்டித் தைச்சிட்டேன். மாட்டினா நேராத் தெரியும்."

(அவளைக் குறை சொல்லாதீர்கள். ஒரு தோள் இறங்கியவர் சட்டைக்குள் பஞ்சு வைத்து நிமிர்த்துவது அவளுக்கு இருபது வருடப் பழக்கம். வீட்டுக்கும் கை தானாக அதையே செய்துவிட்டது. பிறகுதான் மனசு உறுத்தியது. ஐந்து நாளாகச் சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் இருந்தாள்.)

ஓட்டுநர் மூன்றாவது பொத்தானில் நின்றுவிட்டார். அப்புறம் சிரித்தார்.

"இத்தனை நாளா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டா துணி தைச்சே? எரிஞ்சு போயிருக்குமேம்மா!"

இன்ஜினியரை மறுநாளே வரச் சொன்னார்.

4

முடிவு அ: தச்சர் சன்னல் சட்டத்தைக் கோணலாகப் பொருத்தியிருக்கிறார். வீட்டுக்கு ஒன்றுமில்லை. எல்லாரும் சிரிக்கிறார்கள்.

முடிவு ஆ: அஸ்திவாரமே இறங்குகிறது. முன்பணத்தை வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு...

முடிவு இ: விற்கிறவர்களே செப்பனிட்டுத் தருகிறார்கள். (நடக்கிற காரியமா?)

நான் எழுதிவைத்திருந்தது அ. எனக்கு அவளைப் பிடிக்கும். காற்சட்டை வேறு இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.

5

பத்தாம் நாள் மதியம். இன்ஜினியர் கூடத்தில் மண்டிபோட்டு, தரை சாய்ந்திருக்கிறதா என்று ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். சுவரோரமாகத் தவழ்ந்துபோய் விரிசல் தேடினார். கணவனும் மனைவியும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவழியாக எழுந்து கைத்தூசியைத் தட்டிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வீடு உங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு போல," என்றார்.

"உசிரு சார்," என்றாள் அவள். "அதுக்காக நல்லா இருக்குன்னு சொல்லிடாதீங்க. உள்ளதை உள்ளபடி சொல்லுங்க."

இதைக் கேட்ட பிறகு அ-வை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இன்ஜினியர் பேச வாயெடுத்துவிட்டார். பேனாவை நீங்கள் பிடியுங்கள். அவள் சொன்னது உங்களுக்கும் சேர்த்துத்தான்.