இரண்டு விரல் கறவை

1936ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, மலாக்கா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டத்தைச் சேர்ந்த குஞ்சம்மாவின் வலது மணிக்கட்டைக் கீறி உள்ளிருந்த கட்டியை எடுத்தார்கள். அந்த வாரக் கடைசியில் அவள் வீடு திரும்பினாள்.

கட்டி நரம்பை நெருக்கிக்கொண்டிருந்ததாம். கட்டை விரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய், பாதித் தூக்கத்தில் எழுந்து கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்கு ஒரு வருஷமாகவே வழக்கமாகியிருந்தது. டம்ளர் கை நழுவி விழும். ஊசியில் நூல் கோக்க வராது. "தையல் பிரிக்கிற வரைக்கும் இந்தக் கையால ஒரு வேலையும் செய்யாதம்மா. வெரலை மட்டும் லேசா அசைச்சுக்கலாம். மீறினா கை வெளங்காமப் போயிரும்" என்று ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொல்லி அனுப்பியிருந்தார்.

இடது கையால் சோற்றைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை. கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டாள். பக்கத்து வீட்டு முத்தாயி வந்து தலை வாரி, சேலைக் கொசுவத்தைச் செருகிவிட்டுப் போவாள். புருஷன் மாயாண்டி ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போகுமுன் கஞ்சி காய்ச்சி வைத்தான். அதில் ஒரு நாள் உப்பு இருக்கும், ஒரு நாள் இருக்காது. கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தபடி அவள் இரண்டையும் குடித்தாள். இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது, கொட்டகையில் நின்ற செவலைப் பசு.

செவலையைக் கன்றிலிருந்து வளர்த்தவள் குஞ்சம்மா. தை மாதம்தான் அது தலையீத்து ஈன்றது. அன்றிலிருந்து அவள் கையைத் தவிர வேறு கை அதன் மடியில் பட்டதில்லை. அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கன்றை அவிழ்த்துவிட்டுக் குடிக்க வைத்தார்கள். கன்று குடித்தது போக மிச்சம் மடியிலேயே நின்றது. அப்படி நின்றால் மடி கட்டிக்கொள்ளும், பால் வற்றிவிடும்.

அவள் வந்த அன்று மாலை மாயாண்டி செம்போடு போய் உட்கார்ந்தான். ஒரு பீச்சல்தான். செவலை விட்ட உதையில் செம்பு வாசல்வரை உருண்டது.

வேலியோரம் முத்தாயி நின்றிருந்தாள். "மரத்த வெட்டுற மாதிரி இழுக்காதப்பா. அது மாடு லா."

"நீங்க வந்து கறங்களேன், அக்கா."

"ஒதை வாங்க எனக்கென்ன தலையெழுத்தா? பொண்டாட்டி சேலையச் சுத்திக்கிட்டு உக்காரு. வாடை தெரிஞ்சா நிக்கும்."

"நான் சேலை கட்டுறதா?"

"மாடென்ன ஒன்னைய மாப்பிள்ளை பாக்கவா வந்திருக்கு?"

மறுநாள் விடியுமுன், தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் சேர்வதற்குள் முடித்துவிடலாம் என்று, மாயாண்டி அவளுடைய பழைய சேலையைக் கைலிக்கு மேலேயே சுற்றிக்கொண்டு போனான். செவலை திரும்பி முகர்ந்தது. முந்தானையை நக்கிக்கூடப் பார்த்தது. பிறகு, நேற்றுப்போலவே உதைத்தது. பெரட்டுக்குப் போன நாலைந்து பேர் விளக்கோடு நின்று பார்த்தார்கள்.

"என்னடா இது, குஞ்சம்மாவுக்கு மீசை மொளைச்சிருக்கு" என்றான் ஒருவன்.

அன்று முழுவதும் ரப்பர் காட்டில் அவனுக்கு 'மதினி' என்று பெயர்.

மத்தியானத்துக்குமேல் குஞ்சம்மா கொட்டகைக்குப் போனாள். பின்பக்கத்துக் காம்பு ஒன்றுக்கு மேலே மடி கல்லாக இறுகி, தொட்டால் சுட்டது. செவலை உடம்பைச் சுருக்கிக்கொண்டது, அவளை உதைக்கவில்லை. இடது கையால் கறந்து பார்த்தாள். பழக்கமில்லாத ஒற்றைக் கைக்கு நாலு சொட்டுதான் வந்தது. வலது மணிக்கட்டில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்தாள். முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

வேலை முடிந்து மாயாண்டி வந்தபோது துணியின் நுனி அவள் மடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன புள்ள பண்ற?"

"மடி கட்டிப்போச்சுங்க. இன்னிக்கு விட்டா பாலே இல்ல."

"கை போயிருச்சுன்னா?"

"மாடு போயிருச்சுன்னா?"

 மாயாண்டி அவளுக்கு எதிரே குந்தி, தன் கட்டை விரலை நீட்டினான். "இதக் காம்புன்னு நெனச்சுக்க. எப்புடிப் பிடிப்பேன்னு காட்டு. வெரலை அசைக்கலாம்னுதானே சொன்னாரு."

கட்டுக்கு வெளியே நீண்டிருந்த விரல்களால் அவள் அதைப் பற்றினாள்.

"பிடி."

"பிடிச்சிட்டுத்தானே இருக்கேன்."

அவன் குனிந்து பார்த்தான். கட்டை விரலும் அடுத்த இரண்டும் சும்மா சாய்ந்து கிடந்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் அவன் விரலை உள்ளங்கையோடு சேர்த்து மெல்ல அழுத்தி, மெல்ல விட்டன.

"இந்த ரெண்டு வெரலாலயா கறந்துக்கிட்டிருந்த?"

அவளும் அதை அப்போதுதான் பார்த்தாள். "அப்படித்தான் போலருக்கு. மத்தது மரத்துப்போனதுல கை தானாப் பழகிக்கிருச்சு. எனக்கே தெரியலைங்க."

செவலைக்குத் தெரிந்த கறவை அது ஒன்றுதான். ஈன்ற நாள் முதல் அதன் காம்பைப் பிடித்தவை அந்த இரண்டு விரல்கள்.

"கறக்க இம்புட்டு நேரமான்னு ஏசுவேனே" என்றான் மாயாண்டி.

"ஏசுவீங்க" என்றாள் குஞ்சம்மா. "இப்ப உக்காருங்க. கட்டை வெரலு படக்கூடாது."

முத்தாயி வெந்நீர் கொண்டுவந்து மடிக்கு ஒத்தடம் கொடுத்தாள். அவிழ்ந்த கட்டைப் பார்த்து, "அவுக்கத் தெரிஞ்ச பல்லுக்குக் கட்டத் தெரியலையோ?" என்றபடியே, குஞ்சம்மாவை அப்பால் உட்காரவைத்து இறுக்கிக் கட்டினாள். மாயாண்டி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டு விரலால் அழுத்தினான். செவலை காலைத் தூக்கியது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, கீழே ஊன்றியது. செம்பில் பால் விழும் சத்தம் கேட்டது.

"மெதுவா" என்றாள் குஞ்சம்மா.

"மெதுவாத்தான் லா."

மடி இளக இருட்டிவிட்டது. அவன் விரல்கள் மடங்க மறுத்தன.

மார்ச் மாதக் கடைசியில் தையல் பிரித்தார்கள். குஞ்சம்மாவின் விரல்களில் மரமரப்பு நின்றது. கட்டை விரலுக்குப் பழைய பலம் வரவில்லை. செவலையின் கட்டிப்போன காம்பில் அந்த ஈத்து முழுக்கப் பால் இறங்கவில்லை. மற்ற மூன்று காம்புகளையும், அவள் கைக்கு வேலை வைக்காமல், அதே இரண்டு விரலால் மாயாண்டியே கறந்தான்.