அவளாக நடக்க வேண்டிய தூரம்

வெந்நீர் ஹீட்டர்களில் படியும் சுண்ணாம்பை ஆசிடில் ஊறவைத்துச் சுரண்டியே பாதி ஆயுளைக் கழித்தவர் அந்த மெக்கானிக். மனைவியின் இதய வால்வில் கால்சியம் படிந்திருக்கிறது என்று போன வருடம் டாக்டரம்மா சொன்னபோது, தெரிந்த வேலைதானே என்றுகூட அவருக்குத் தோன்றிவிட்டது.

"ஏதாவது மருந்து குடுத்துக் கரைச்சிட முடியாதாம்மா?"

"என்னைக் கழட்டி ஆசிட் வாளியில ஊறப் போடப் பாக்குறாரு டாக்டர்," என்றாள் மனைவி.

டாக்டர் சிரித்துவிட்டார். கரைக்க மருந்து கிடையாது. பாலை நிறுத்தினாலும் பயனில்லை. ஓயாமல் திறந்து மூடும் வால்வின் மூன்று மெல்லிய இதழ்கள் வருடக்கணக்கில் நைந்து, தடித்து, எலும்பு போல இறுகிவிடுகின்றன. வழி குறுகக் குறுக இதயம் முக்கி முக்கித் தள்ள வேண்டியிருக்கும்.

"மூச்சு வாங்கினா, தலை சுத்தினா, நெஞ்சு அடைச்சா உடனே வாங்க. வால்வை மாத்திடலாம்."

எதுவும் வரவில்லை. மெக்கானிக் வரவிட்டால்தானே? மாடியிலிருந்த கட்டிலைக் கீழே இறக்கினார். துவைத்தார், பெருக்கினார், கடைக்கு ஓடினார்.

"மகாராணி உத்தரவு என்னவோ?"

"முதல்ல சட்டைப் பொத்தானைச் சரியாப் போடுங்க."

நடுவில் ஒருமுறை பரிசோதனைக்குப் போனபோது, மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார்கள். இல்லவே இல்லை என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதில் பொய்யும் இல்லை.

இன்று ஸ்கேனைப் பார்த்த டாக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

"மாடி ஏறினா எப்படி இருக்கு?"

"மாடிக்கே போறதில்லையே."

"கடைக்கு?"

"அவருதான் போவாரு."

"குளிக்கிறது?"

"உக்கார ஸ்டூல் போட்டு, தண்ணியும் எடுத்து வெச்சிடுவாரு."

டாக்டர் மெக்கானிக் பக்கம் திரும்பினார். "தொந்தரவு இல்லாம இல்லங்க. அது வெளிய தெரியாம நீங்க பாத்துக்கிட்டீங்க."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவ்வளவு மெதுவாகச் சொன்னார். இதயத்தின் சுவர் களைத்துப்போயிருந்தது. இனி நெஞ்சைத் திறந்து செய்ய முடியாது. தொடை ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வைச் சுருக்கிக் கொண்டுபோய், பழையதற்குள்ளேயே விரித்து வைக்கலாம். அதைத் தாங்கும் தெம்பு உடம்பில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வெளியே நடைபாதையில் நர்ஸ் இரண்டு இடங்களில் நாடா ஒட்டியிருந்தாள். நடுவே ஒரு பெரிய அறையின் நீளம்கூட இருக்காது.

"இங்கிருந்து அங்க வரைக்கும் அவங்களா நடக்கணும். நீங்க தொடக்கூடாது சார்."

"விழுந்துட்டான்னா?"

"நான் பக்கத்துலயே வர்றேன்."

மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். பாதி வழியில் வேகம் தளர்ந்தது. வலது கை தானாகப் பக்கவாட்டில் நீண்டு, காற்றில் எதையோ தேடியது. மெக்கானிக்கின் கால் முன்னே போய்விட்டது. நர்ஸ் கூடாதென்று தலையை அசைத்தாள்.

"வரட்டுமா?" என்றார்.

"சும்மா... நில்லுங்க."

இரண்டே சொல். அதற்கு நடுவில் அவள் ஒரு மூச்சு எடுக்க வேண்டியிருந்தது. வீட்டில் இத்தனை நாளும் அது அவர் காதில் விழுந்ததே இல்லை.

நாடா இன்னும் தள்ளித்தான் இருந்தது. அவர் சும்மா நின்றார்.