ஊதாத் துணிக்குள் அந்தோனியார்

தவக்காலத்தின் கடைசி இரண்டு வாரம் கோயில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடிவைப்பது வழக்கம். கண்டிக்குப் பக்கத்தில் கடுகண்ணாவையிலிருந்த ஒரு சின்னக் கோயிலில் முப்பது வருடமாக அதைச் செய்துவந்தவர் வில்பிரட். இந்த வருடம் ஏணியில் நின்று அந்தோனியாருக்குத் தூசி தட்டும்போது கால் சறுக்கியது. பிடித்துக்கொள்ள அகப்பட்டது புனிதரின் கழுத்துத்தான். இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள். வில்பிரட்டுக்கு முழங்கையில் சிராய்ப்பு. சாந்துச் சிலையான அந்தோனியார் மூன்று துண்டு, கையிலிருந்த குழந்தை இயேசு தனி.

ஃபாதரிடம் சொல்லத் துணிவு வரவில்லை. உயிர்த்த ஞாயிறுவரை எப்படியும் துணிதானே தெரியப்போகிறது? துண்டுகளைச் சாக்கில் கட்டி ஒளித்துவிட்டு, பீடத்தில் ஒரு வெறும் கேஸ் சிலிண்டரை நிறுத்தினார். அதன்மேல் ஒரு சட்டியைக் கவிழ்த்தார். குழந்தை இயேசுவுக்குப் பதிலாகத் தம் வீட்டுத் தேநீர்க் கேத்தலைப் பக்கத்தில் கட்டினார். துணியைப் போர்த்தித் தள்ளி நின்று பார்த்தபோது, பழையவரைவிடக் கொஞ்சம் கம்பீரமாகவே தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை நவநாள் செபத்துக்கு மேபல் அழுதுகொண்டே வந்தார். அவருடைய கணவர் ஸ்ரனிஸ்லாஸ் மறதி நோய்க்காரர். ஞாயிறு காலை வீட்டைவிட்டு இறங்கியவர் திரும்பவில்லை. பொலிசில் சொல்லியாயிற்று. காணாமற்போனதைத் தேடித் தருகிறவர் அந்தோனியார் என்பதால், மேபல் துணியின் அடியைப் பற்றிக்கொண்டு சத்தமாகவே முறையிட்டார். அன்று காலை மனிதர் நீலக் கிரிக்கெட் தொப்பியைக் கேட்டு அடம்பிடித்ததையும், மேட்ச் தொடங்கிவிட்டது என்று புலம்பியதையும் ஒன்று விடாமல் சொன்னார்.

பின்னால் மெழுகு சுரண்டிக்கொண்டிருந்த வில்பிரட்டின் காதில் எல்லாம் விழுந்தது. உண்மையைச் சொன்னால் அந்த மனுசி இடிந்துபோவார். சொல்லாவிட்டால், சிலிண்டர் எழுந்துபோய்த் தேடப்போவதில்லை. வேறு வழியின்றி அவரே கண்டி பஸ்ஸில் ஏறினார். அங்கிருந்து, மேட்ச் நடக்கும் பல்லேகல.

கிரிக்கெட் மைதானத்தின் வாசல் பூட்டியிருந்தது. எதிரே பாயிஸா என்ற பெண்ணின் சாப்பாட்டுக் கடையில், தொப்பியோடு உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார் ஸ்ரனிஸ்லாஸ். முதல்நாள் மழையில் வாசலில் நின்றவரைத் தான் கூட்டிவந்ததாகவும், பெயர் கேட்டால் ஸ்கோர்தான் சொல்கிறார் என்றும் பாயிஸா சொன்னார். ஸ்ரனிஸ்லாஸ் பக்கத்துக் கதிரையைத் தட்டி, மழைக்காக ஆட்டத்தை நிறுத்தியிருக்கிறார்கள், உட்காருங்கள் என்றார்.

கணவரைக் கூட்டிவந்து சேர்த்த வில்பிரட்டுக்கு மேபல் ஒரு பிளேன்டீ கொடுத்தார். சிலிண்டருக்கு இருபது மெழுகுதிரி கொளுத்தினார். செய்தி மலையெங்கும் பரவியது. அடுத்த செவ்வாய், தொலைந்த மோதிரம், தொலைந்த ஆடு, தொலைந்த மருமகன் என்று ஒரு கூட்டமே கேத்தலின் முன் முழந்தாளிட்டது. வில்பிரட்டுக்குச் சோறு இறங்கவில்லை.

உயிர்த்த ஞாயிறுக்கு முதல்நாளான பெரிய சனிக்கிழமை மத்தியானம், முதலில் மேபலிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

"தெரியும்," என்றார் மேபல். "அன்னைக்கே கால தொட்டேன். இரும்பு."

"பெறகு ஏங்கக்கா கும்புட்டீங்க?"

"சிலிண்டரையா கும்புட்டேன்? முன்ன மட்டும் என்ன, சாந்துகிட்டயா பேசுனேன்? அந்தோனியார்ட்ட கேட்டேன், ஒங்கள அனுப்புனாரு."

"என்னைய ஒருத்தரும் அனுப்பலக்கா. மாட்டிக்குவேன்னு பயம். அதான் போனேன்."

"நல்லவங்கள மட்டுந்தான் அனுப்பணும்னா, இந்த ஊர்ல அவருக்கு ஆள் கெடைக்காது."

வில்பிரட்டுக்குக் கோபம் வந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே போனது அவருடைய கால்கள். அந்தக் கோபத்தோடே ஃபாதரிடம் நடந்தார்; மேபலும் பின்னால் வந்தார்.

ஃபாதர் கேட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, இரவுப் பூசைக்கு முன் சுரூபத்தை ஒட்டி முடிப்பதுதான் தண்டனை என்றார். மேபல் அந்தோனியாரின் தலையைப் பிடிக்க, வில்பிரட் பசை தடவினார். கழுத்து இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. நிமிர்த்தப்போனவரை மேபல் தடுத்தார்.

"காது குடுத்துக் கேக்குற மாதிரி இருக்கு. விடுங்க."

பசை காயும்வரை இருவரும் கையை எடுக்காமல் நின்றார்கள்.