லிங்கராஜபுரத்துச் சாணி நிற வானவில்

லிங்கராஜபுரத்தில் மமதா மேடம் நடத்தும் மழலையர் பள்ளியின் மேல் போன ஆகஸ்டில் எழும்பிய வானவில் சாணி நிறத்தில் இருந்தது. ஒரு கால் பள்ளியின் மணல்தொட்டியில், மறுகால் எதிர்த்த பேக்கரியின் கூரையில். மழை விட்டு வெயில் அடித்தும் அது போகவில்லை.

காரணம், அங்கே வருஷாவருஷம் நடக்கும் ரெயின்போ டே. அன்றைக்குக் குழந்தைகளின் கலைத்திறன் பெருக்கெடுத்து ஓடும். எப்படியென்றால், வளைவை மிஸ் வரைவார், வண்ணத்தை ஆயா தீட்டுவார், மேகத்துக்குப் பஞ்சு ஒட்டுவது அம்மாக்களின் பொறுப்பு. அந்தப் போட்டியில் பேட்டையில் கிழிபடாத தலையணையே மிஞ்சவில்லை. குழந்தையின் வேலை, முடிந்த படத்தைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிப்பது. மூன்று வயதில் இப்படிக் கோடு பிசகாமல் தீட்டும் மேதைகளைப் பெற்றதற்காக அப்பாக்கள் வாட்ஸப்பில் கண்ணீர் விட்டார்கள்.

மிஸ் செல்ஃபி எடுக்கப் போன இடைவெளியில் ஷெரின் என்ற பொடிசின் கையில் பிரஷ் அகப்பட்டுவிட்டது. ஏழு வண்ணத்தையும் ஒரே கிண்ணத்தில் கொட்டிக் கிளறி, தாளில் ஒரே இழுப்பாக இழுத்தாள். உடனே ஜன்னலுக்கு வெளியே அந்தச் சாணி வானவில் எழும்பியது.

எழும்பியதைப் பற்றி யாருக்கும் ஆச்சரியமில்லை. நிறத்தைப் பற்றித்தான் புகார். “சிலபஸ்ல ஏழு கலர் இருக்கு. மேல ஒண்ணுதானே கொடுத்திருக்கீங்க?” என்று ஸ்ரீஹர்ஷா என்ற தகப்பனார் கேட்டார்.

மேடம் ஷெரினின் அம்மா ஆஷாவை வரவழைத்தார். தங்கவயலிலிருந்து வந்து குடியேறிய ஆஷா, இந்தப் பள்ளியில் எல்கேஜி சீட்டுக்காகப் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே வரிசையில் நின்றவள். பிரசவமே அந்த வரிசையில்தான் ஆனது; இடத்தை மட்டும் விடவில்லை.

“நோடி, பாருங்க ஆஷா, இவ அதைச் சரி பண்ணியாகணும். இல்லேன்னா எல்கேஜி சீட்டு இல்ல.”

“கொழந்த மேடம். அதுக்கு என்னா தெரியும்.”

“அதுக்குத்தானே மம்மிங்க இருக்கீங்க. கையப் பிடிச்சுப் போட வைங்க.”

ஆஷா மகளின் கையைப் பிடித்துச் சிவப்பை இழுத்தாள். வெளியே வானவில்லின் ஒரு நுனி சிவந்து, இரும்புக் கம்பியாக விறைத்தது. மேடம் கைதட்டினார். ஆரஞ்சுக்குப் போனபோது ஷெரின் கையை ஈரத்துணி மாதிரித் தொங்கவிட்டாள்.

“நீயே போட்டுக்கோம்மா,” என்றாள்.

ஆஷா பிடியை விட்டாள். “சீட்ட நீங்களே வெச்சிக்கோங்க மேடம்.”

மகளை ஸ்கூட்டரில் ஏற்றியதும் வானவில் காலிலிருந்த மணலைத் தட்டிவிட்டுப் பின்னாலேயே கிளம்பியது. மேம்பாலத்து நெரிசலில் அதற்கும் சேர்த்து ஹாரன் அடித்தார்கள். மறுநாள் ஷெரின் சேர்ந்த அங்கன்வாடியின் முற்றத்தில் அது ஊன்றிக்கொண்டது. சாணி என்று முகம் சுளித்த பெற்றோர், அது போன பிறகு, ‘என்னவொரு எர்த் டோன்’ என்று பெருமூச்சு விட்டுப் பிள்ளைகளை வேறு பள்ளிகளுக்கு மாற்றினார்கள். தீபாவளிக்குள் பள்ளியில் மேடமும் பஞ்சு மேகங்களும்தான் மிச்சம்.

அவரே அங்கன்வாடிக்கு வந்தார். “பத்தாவது வரைக்கும் கிளாஸ் ஆரம்பிக்கிறேன், சீட்டு கன்ஃபர்ம், ஆஷா. அந்த வானவில்லையும் கூட்டிட்டு வந்துடுங்க.”

“இங்க அவளே போட்றா மேடம். நீங்களும் ஒக்காருங்க, பாய்ல எடம் இருக்கு.”

மேடம் உட்கார்ந்தார். பிரஷ்ஷை எந்தப் பக்கம் பிடிப்பது என்று ஷெரினைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

வானவில் இன்றும் அங்கேதான் நிற்கிறது. அங்கன்வாடி ஆயா அதில் துணி காயப்போடுகிறார். அந்தச் சிவப்பு நுனியில் மட்டும் போடுவதில்லை, சாயம் ஒட்டுகிறது.